சொத்துப் பட்டியல்

புது ஆயர் வருவதற்குள்
பட்டியலைத் தட்டச்சு செய்து முடிக்க வேண்டும்.
பொருளாளர் சாமியார் நேற்றே இரண்டு முறை கேட்டுவிட்டார்.
நாற்காலி பதினான்கு. மேசை மூன்று.
ஜீப் ஒன்று, தள்ளினால் ஓடும்.
வெள்ளிச் செங்கோல் என்று பழைய பட்டியலில் இருக்கிறது.
அது பிரசவ விடுதிக்குக் கூரையாகி
இருபது மழைக்காலம் ஆகிறது.
அதை எந்தத் தலைப்பில் சேர்ப்பது?

டோம் ஒட்டாசீலியோ மெயாரிம் ஆற்றங்கரைக்கு வந்தபோது
எனக்குப் பத்தொன்பது வயது.
தெற்கத்திக்காரர். வெயில் பழகாத கழுத்து,
பளபளக்கும் காலணி.
முதல் மாதமே பண்ணையார் வால்டேமிரோ அழைத்தார்:
புது வேலி போட்டிருக்கிறேன், மந்திரிக்க வேண்டும்.
போனார்.
ஆட்டிறைச்சி விருந்து. அதன் பிறகு
முள்கம்பிமேல் தீர்த்தம் தெளித்தார்,
நாற்பது கிலோமீட்டர் கம்பிக்கு
ஒரு கை தண்ணீர்.

வேலிக்கு அந்தப் பக்கம் பபாசுப் பனைகள்.
இந்தப் பக்கம்
வெறுங்கூடையோடு பெண்கள்.
கோடரியை மல்லாத்தித் தொடைக்கடியில் அழுத்தி
கூர்மேல் கொட்டையை நிறுத்தித் தடியால் அடித்தால்
பொழுது சாய ஐந்து கிலோ பருப்பு தேறும்.
அதுதான் உப்பு, மண்ணெண்ணெய், பிள்ளையின் நோட்டுப் புத்தகம்.
அவர்கள் அவரைப் பார்த்தார்கள்.
அவர் பார்த்ததாகத் தெரியவில்லை.
ஆமென் சொன்னதில் நானும் ஒருத்தி.

பிறகு நடந்ததை ஊர் பலவிதமாகச் சொல்லும்.
கனவில் மாதா வந்தாராம்.
எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:
ஓர் ஆகஸ்டு மாதம் ஜெசுயீனா
கம்பிக்கடியில் நுழைந்து திரும்பும்போது சுடப்பட்டாள்.
அடக்கப் பூசையில் மறையுரைக்கு எழுந்தவர்
வெகுநேரம் வாய் திறக்கவில்லை.
மின்விசிறி கிறீச்சிட்டது. ஒரு குழந்தை தும்மியது.
அப்புறம் சொன்னார்:
"அந்த வேலியை நான்தான் மந்திரித்தேன்."
உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் கடைத்தெருவில் ஒரு குறடு வாங்கினார்,
பேரம் பேசாமல்.
மந்திரித்ததைத் திரும்பப் பெறச்
சடங்குப் புத்தகத்தில் செபம் இல்லை,
தேடிவிட்டேன் என்றார்.
முதல் கம்பி அறுந்து
சாட்டைபோல் சுருண்டு வந்து கன்னத்தைக் கிழித்தது.
கடனில் ஒரு தவணை கழிந்தவர்போல்
துடைத்துக்கொண்டார்.

உரோமையின் கடிதங்களுக்குப்
பதில் தட்டச்சு செய்தவள் நான்.
உம் மறைமாவட்டத்தில் பெண்கள் மறையுரை ஆற்றுகிறார்களாமே?
"ஆம். என்னைவிடச் சுருக்கமாக."
சங்கத்துப் பெண்கள் உம் இல்லத்தில் தங்குகிறார்களாமே?
"இல்லை. அவர்கள் இல்லத்தில் நான் தங்குகிறேன்."
தவறுதலாகச் சொல்லிவிட்டார் என்று திருத்தினேன்.
அவர் திரும்பத் திருத்தினார்.

நல்லவர் என்று மட்டும் சொன்னால் பொய்.
கோபம் வந்தால் காப்பிக் கோப்பை சுவருக்குப் போகும்.
கணக்கு வராது.
கொட்டை உடைக்கவும் கடைசிவரை வரவில்லை.
நசுங்கிக் கறுத்த அவர் கட்டைவிரலைப் பிடித்துத்
தெருவுக்கே காட்டிச் சிரிப்பாள் டியோலிண்டா.

எழுபத்தைந்து முடிந்தது. சட்டப்படி விலகல் கடிதம்.
எங்களூர்த் தபால் கடல் தாண்டித் திரும்ப
மூன்று மாதம் ஆகும்.
ஏற்றுக்கொண்டோம் என்ற பதில்
பதினோராம் நாளே வந்தது.
"தபால் துறை முன்னேறிவிட்டது" என்றார்.
இப்போது பெண்கள் சங்கத்து எண்ணெய் ஆலைக்குப் பின்னால்
ஓர் அறை. காது மந்தம்.
இயந்திரம் ஓடுகிறதா நிற்கிறதா என்று
சுவரில் கைவைத்துத் தெரிந்துகொள்கிறார்.

வால்டேமிரோவின் மகன் அனுப்பிய அழைப்பிதழ்
புது ஆயருக்காக என் மேசையில் காத்திருக்கிறது.
தங்க எழுத்து.
விருந்து உண்டு என்று கீழே ஒரு வரி.

கருவிகள், கடைசித் தலைப்பு:
சுத்தியல் ஒன்று. ஏணி ஒன்று.
தாளை உருவிவிட்டேன்.
என் மேசையின் இழுப்பறை கொஞ்சம் இறுகித்தான் திறக்கும்.
பபாசு எண்ணெய் இரண்டு சொட்டு விட்டேன்,
இழுப்பறைக்கும்
உள்ளே இருப்பதற்கும்.